இருபது ரூபாய்க்கு ஸ்தோத்திரம்

ஆம்பூர்
8-2-1934

என் அன்புள்ள ஞானசுந்தரிக்கு,

நான் சுகம். நீ நர்ஸ் வேலை என்று வார்டில் நின்று நின்று காலைக் கெடுத்துக்கொள்ளாதே. இதைக் கொண்டுவரும் ஆளிடம் இருபது ரூபாய் கொடுத்திருக்கிறேன். வேலூரில் பார்த்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடு. நான் தினமும் ரயிலில் வேலைக்கு வந்துபோவேன். கல்யாணமாகி இரண்டு வருஷம், நீ ஆஸ்பத்திரி விடுதியிலும் நான் இங்கேயுமாக இருந்தது போதும். பதினேழாம் தேதி ராணிப்பேட்டையாரோடு கடைசிப் பந்தாட்டம். எங்கள் தோல் பதனிடும் ஷாப்பு அணிக்கு நான்தானே கோல்கீப்பர். இந்த இருபது ரூபாய் அதற்காக முதலாளி முன்கூட்டியே கொடுத்த பரிசு.

உன் அன்புள்ள,
ஜெபசீலன்

வேலூர்
12-2-1934

என் பிரியமான அத்தானுக்கு,

பணத்தைப் பார்த்து அழுதேவிட்டேன். மாதம் ஒரு கடிதம் எழுதவே சோம்பல்படுகிற ஆளா இதை அனுப்பியது? நேற்று கோவிலில் ஒரு ரூபாய் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். பாதிரி ஐயர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "பந்தாட்டத்துக்காகத் தன் கணவர் பெற்ற இருபது ரூபாய்க்காக, ஞானசுந்தரி அம்மாள்." உங்கள் அணியின் செகரட்டரி கிருபானந்தம் ஐயாவும் வந்திருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

தங்கள் அன்புள்ள,
ஞானசுந்தரி

ஆம்பூர்
19-2-1934

ஞானசுந்தரிக்கு,

யாரிடமும் சொல்லாதே என்று எழுதாதது என் புத்திகெட்டதனம். அது முதலாளி கொடுத்த பணமல்ல. ராணிப்பேட்டை பக்கம் பந்தயம் கட்டியவர்கள் கொடுத்தது. இரண்டு பந்தை வேண்டுமென்றே கோலுக்குள் விட்டேன்; தோற்றோம். எங்கள் அணியில் ஆடும் ஹயாத் பாஷா குறுக்கே வந்து மறைத்தான் என்று சொல்லிவிட்டேன். அவன்தான் பணம் வாங்கினான் என்று இப்போது ஊரே பேசுகிறது. அவனை ஷாப்பு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கிருபானந்தம் ஐயா உன்னிடம் விசாரிக்க வருவார். போன மாதம் காவேரிப்பாக்கத்து ஆட்டத்தில் ஜனங்கள் சேர்த்துக் கொடுத்த பணம் என்று சொல். உன்னை விட்டால் யாருமில்லை.

ஜெபசீலன்

வேலூர்
22-2-1934

அத்தானுக்கு,

நீங்கள் எழுதியபடியே சொன்னேன். அவர் நம்பிவிட்டார். தாதிப் பெண் பொய் சொல்லமாட்டாள் என்று வேறு சொன்னார்.

இன்று ஹயாத் பாஷாவின் மனைவி சைரா காய்ச்சல் குழந்தையோடு என் வார்டுக்கு வந்தாள். மருந்துக்கு வளையலை விற்றிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றி, "அண்ணன் வேலைக்கு ஒண்ணும் ஆவலியேக்கா? அது போதும்" என்றாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கிருபானந்தம் ஐயா வருவார். நீங்களும் வந்து உண்மையைச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், என் சம்பளத்தில் கஞ்சி குடிப்போம். நீங்கள் உண்மையைச் சொன்னால் எங்கே கூப்பிட்டாலும் கூட வருவேன்.

ஞானசுந்தரி

வேலூர்
27-2-1934

திரு. ஜெபசீலன் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகும் வாசலில் நின்றேன். ஆம்பூர் ரயிலில் வந்தவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். நீங்கள் வரவில்லை.

நேற்று நானே கிருபானந்தம் ஐயாவிடம் சொல்லிவிட்டேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. ஹயாத் பாஷாவை நாளைக் காலையில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அதற்குமுன் ஊரைவிட்டுப் போக நினைத்தால் இப்போதே போய்விடுங்கள்; போன இடத்தை எனக்கு எழுதவேண்டாம். அவர்கள் கேட்டால் நான் மறுபடி பொய் சொல்லவேண்டியிருக்கும்.

ஞானசுந்தரி