சாவடியில் நிற்காத வான்

குவைத்
09.03.1997

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் கேட்க இன்று மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பேர்ணடெற் அக்காவின் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சோதனைச் சாவடியில் நீங்கள் பள்ளிக்கூட வானை நிறுத்தவில்லையாம். ஆமிக்காரர் துவக்கைத் தூக்கிவிட்டார்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினொரு பேரும் உள்ளே கத்தினார்களாம். அக்காவின் மகளும் அதில்தான் இருந்திருக்கிறாள். நீங்கள் குடித்திருந்தீர்கள் என்று தெருவில் கதையாம். குடிக்காத மனுசன் நீங்கள். உங்கள் கடிதத்திலோ மழையும் உடைந்த தண்ணீர்க் குழாயும்தான் இருந்தன. ஒளிக்காமல் எழுதுங்கள்.

மயிலம்மா

கொட்டாஞ்சேனை
24.03.1997

அன்பு மயிலுக்கு,

குடிக்கவில்லை. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. தை மாதத்திலிருந்து எனக்கு இன்சுலின் ஊசி. நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை.

அன்று ஊசி போட்டுவிட்டு, நேரமாகிவிட்டதென்று சாப்பிடாமல் வானை எடுத்தேன். வழியில் கை நடுங்கியது, வேர்த்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று ஓட்டினேன். "நவத்தன்ன!" என்று ஆமிக்காரன் கத்தியது காதில் விழுந்தது, அந்த மயக்கத்தில் நிறுத்தச் சொல்கிறான் என்பது விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பேர்ணடெற்றின் மகள்தான் கைப்பிரேக்கை இழுத்தாள். ஒரு சார்ஜன்ட் என் வாயை முகர்ந்தார். பிறகு சட்டைப் பையில் கிளினிக் அட்டையைக் கண்டு, சீனி போட்ட தேத்தண்ணீர் பருக்கினார்.

பிள்ளைகளின் பெற்றோரிடம் தலைச்சுற்று என்று சமாளித்தேன். மறுநாளும் பிள்ளைகளை ஏற்றினேன். உன் கடிதம் வந்த அன்றுதான் வெட்கம் வந்தது. வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். நளீபா வாசலிலேயே கேட்டார்: "தெரிஞ்சுக்கிட்டேயா எங்கட புள்ளய ஏத்தினீங்க?" ஐந்து வீட்டார் பிள்ளைகளை வானில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

சீனி பார்க்காமல், சாப்பிடாமல் சாவியைத் தொடக்கூடாது என்கிறார் டொக்டர். நடுக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தி இனிப்புச் சாப்பிட வேண்டுமாம். சீனி ஏறி முக்கால் மணித்தியாலம் போகும்வரை ஓட்டக்கூடாதாம். அவர் சரி என்று சொல்லும்வரை நேசம் அண்ணன்தான் வான் ஓட்டுகிறார்.

பூபாலசிங்கம்

குவைத்
11.04.1997

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே வானொலியில் கொழும்பில் குண்டு என்று கேட்டாலே என் கைவேலை நின்றுபோகும். அதைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் சீனி வருத்தத்தை மட்டும் தாங்கமாட்டேன் என்று எப்படி நினைத்தீர்கள்? நளீபா கேட்டது நியாயம். என் கோபமும் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அத்தனை வாசலிலும் போய்த் தலைகுனிந்து நின்றீர்களே, அதை வாசித்து அழுதேன்.

சீனி பார்க்கும் மெஷின் ஒன்றை ஊருக்கு வரும் மாக்ரெட்டிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். இனி ஓட்டலாமோ கூடாதோ, டொக்டர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

ஆவணியில் லீவு கிடைத்திருக்கிறது. என்னைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் மயில்