ஆளுக்கு ஒரு கிலோ

க்ரொய்ஸ்லிங்கன்,
நவம்பர் 18

அன்புள்ள சில்வானுக்கு,

அம்மா எழுதுவது. நலமாக இருக்கிறேன். ஏரியில் மூடுபனி இறங்கியதிலிருந்து முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. உன் கடிதம் வந்தது. விமானக் கட்டணம் தாறுமாறாக ஏறிவிட்டது, கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று எழுதியிருந்தாய். கனடாவிலிருந்து வருவதென்றால் சும்மாவா? நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

இங்கே விலைவாசியைக் கேட்காதே. கறி விற்கிற விலைக்கு மாட்டையே வாங்கிக் கட்டிவிடலாம் போலிருக்கிறது. நம் விவசாயிகள் பிழைக்கத்தான் வெளிநாட்டு இறைச்சிக்கு இப்படி வரி போடுகிறார்கள். பிழைக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் கொன்ஸ்டான்ஸில் அதே இறைச்சி பாதி விலை. ஆளுக்கு ஒரு கிலோ வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால் சனிக்கிழமையானால் நம் ஊரே அங்கேதான் நிற்கிறது.

நீ பிறந்த குளிர்காலத்தில் ஆளுக்கு அரைக் கிலோதான். உன்னைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம். சுங்கக்காரர் எக்மான் அப்போது வேலைக்குப் புதிது. வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஏங்க, பல்லே முளைக்கல, இவனுக்கு எதுக்கு அரைக் கிலோ மாட்டுக்கறி?" என்று கேட்டார். உன் அப்பா அசரவில்லை. "பல்லு முளைக்கிறதுக்குள்ள விலை ஏறிடுமே, அதான் இப்பவே வாங்கி வைக்கிறோம்" என்றார். பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடிக்கும்வரை இருவரும் சிரித்தார்கள்.

போன சனிக்கிழமை போனேன். கிறிஸ்துமஸ் இரவுக்கு, கொதிக்கும் சூப்பில் முக்கிச் சாப்பிட, மெலிதாகச் சீவிய இறைச்சி வேண்டுமே. முன்கூட்டியே வாங்கி ஃப்ரீசரில் வைத்துவிடலாமென்று வழக்கம்போல இரண்டு கிலோ வாங்கினேன். திரும்பும்போது எக்மான்தான் நின்றார். மீசை நரைத்துவிட்டது. "எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். "ரெண்டு பேரு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கைப்பைதான் இருந்தது. மார்ச்சில் அப்பாவை அடக்கம் செய்த அன்று எக்மானும் வந்திருந்தார், உனக்கு ஞாபகமிருக்கும்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பரவால்ல, போங்கம்மா" என்றார். பேசாமல் போயிருக்கலாம். எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதே. "அதெப்படி சும்மா விடுவீங்க? நான் ஒரு ஆள்தான். இன்னொரு கிலோவுக்கு வரி போடுங்க" என்று இறங்கிப் போய்க் கட்டிவிட்டு வந்தேன். உன் அப்பா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு கிலோவும் ஃப்ரீசரில் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு நான் இருக்கிறேன். வரி கட்டிய கிலோவுக்குத்தான் ஆளில்லை.

ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்று மேலே எழுதியது பொய். வா, சில்வான். அப்பாவின் படகு கரையில் சும்மாதான் கிடக்கிறது, விற்று டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன். வந்தால் ஒரு சனிக்கிழமை கொன்ஸ்டான்ஸ் போய்வருவோம். எதுவும் வாங்க வேண்டாம். எக்மான் கேட்கும்போது "ரெண்டு பேரு" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் கடவுள் காக்கட்டும். வயிறாரச் சாப்பிடு.

வழி பார்த்திருக்கும்
அம்மா ரோஸ்மாரி