வாய்க்காலுக்கு ஓடியவனுக்கு

அலபாமாவில் உன் மகள் இருக்கும் ஊருக்கு இன்று சுழல்காற்று எச்சரிக்கை. இங்கே சீசாப் பகுதியில் என் வீட்டு பல்கனியில், நான் வேலை செய்கிற வீட்டு அம்மா, சிஞ்ஞோராவின் மேசை விரிப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது போன் கத்தியது. நீ மகளிடம் புறப்பட்ட கிழமை, அந்த ஊர் எச்சரிக்கை எனக்கும் வரவேண்டும் என்று நீயே போட்டுத் தந்தது. நீ செத்த பிறகும் அது கத்துகிறது. நிறுத்த எனக்குத் தெரியும், மனம்தான் வரவில்லை.

அதற்கு முதல், உன் மருமகனுக்கு ஓக்லஹோமாவிலும் அலபாமாவிலும் வேலை கிடைத்திருந்தது. எங்கே போவது என்று உன்னைப் போய்க் கேட்டார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு வாங்கில் குந்தி, சாதகம் பார்க்கிறவன் மாதிரி போனில் மாநிலம் மாநிலமாகச் சுழல்காற்றுக் கணக்கைப் பொருத்தம் பார்த்தாய். டெக்சாஸில்தான் ஆகக் கூட, ஆனால் அது பெரிய நிலம். கன்சாஸும் ஓக்லஹோமாவும் வெட்டவெளி, வருடா வருடம் சுழன்றடிக்கும். கலிபோர்னியாவில் அரிது, ஆனால் அங்கே வேலை இல்லை. அலபாமாவில் ஓக்லஹோமாவை விடக் குறைவு என்றதும் உன் முகம் தெளிந்தது. அதே பக்கத்தில் கீழே இருந்ததை நான் வாசித்துக் காட்டினேன்: அங்கே காற்றுக் குறைவு, சாவு கூட. மரமும் மேடும் காற்றை மறைத்துவிடும். நிலத்துக்குக் கீழே அறை உள்ள வீடுகளும் அரிது.

“வன்னியிலை விழுந்த செல்லை எண்ணிப் பாத்தனாங்களே, மச்சான்? ஒண்டு காணும். எங்கை குறையவோ அங்கை போகட்டும்,” என்றாய்.

நீயும் அங்கே போன பிறகு ஒருநாள் போனில் கொதித்தாய். சைரன் ஊதினால் வீட்டு நடுவில் யன்னல் இல்லாத குளியலறைக்குள் இருக்கவேண்டும் என்று மருமகன் சொன்னானாம். “வீட்டுக்குள்ளை இருக்கட்டாம், விசரன். வீதிக்கரையிலை ஒரு வாய்க்கால் இருக்கு. ஆள் குந்துற ஆழம்.” நான் சிரித்தேன். ஆனால் எனக்கும் அதுதானே படிப்பு. செல் வந்தால் வீடுதான் ஆளைக் கொல்லும், வெளியே பங்கர்க் குழிக்கு ஓடவேண்டும். கைக்குழந்தையாக இருந்த உன் மகள் பாலுக்குக் கத்தியபோது, உன் மனிசி பங்கரை விட்டு ஏறிப் பால்மா எடுக்க வீட்டுக்குள் போனாள். கூரை அவள்மேல் இறங்கியது. பிள்ளையின் முகத்தை நெஞ்சோடு அமத்திக்கொண்டு நீ இருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தாய் காய்ச்சலில் போனாள் என்றுதான் அவளை வளர்த்தாய். தன் அழுகைதான் தாயை எழுப்பி அனுப்பியது என்று அவள் ஒருநாளும் அறியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய்.

நீ செத்த அன்று பின்னேரம் அங்கே சைரன் ஊதியிருக்கிறது. மகள் தன் பிள்ளையோடு குளியலறைக்குள். நீ அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறாய். அவள் உதறிவிட்டாள். நீ தனியே ஓடினாய். வாய்க்காலுக்குமேல் மரம் விழுந்தது. வீட்டில் நாலைந்து ஓடுகள் பறந்ததோடு சரி. கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு வெட்கம் இல்லை.

இன்று எச்சரிக்கை வந்ததும் அவளைப் போனில் எடுத்தேன். காற்று வேறு பக்கம் போய்விட்டது, சுகமாக இருக்கிறார்கள். பிறகு அவள் அழத் தொடங்கினாள்.

“மாமா, அப்பா எங்களை விட்டிட்டு ஓடினவரோ?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப ஏன் வெளியிலை போனவர்? உங்களுக்குத் தெரியும்.”

தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. பேரப்பிள்ளைக்கு உன் படத்தைக் காட்டவே தனக்கு மனம் வரவில்லை என்றாள்.

உன் மனிசியின் சாவைச் சொன்னால்தான் நீ ஏன் இழுத்தாய் என்று சொல்லலாம். சொன்னால், கை உதறியதற்கு இப்போது அழுகிறவள், பாலுக்கு அழுததற்கும் சாகும்வரை அழுவாள். அதை அவளுக்கு நான் கொடுக்கமாட்டேன். நீ அவளைக் காப்பாற்றத்தான் இழுத்தாய் என்று அறிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான், மச்சான். நானும் போனபிறகு நீ பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவன்தான்.