நான் கீறேன்

அன்புள்ள அம்மாவுக்கு, சேசுவின் தயவால் ராயபுரத்தில் சுகமாக இருக்கும் இஞ்ஞாசி எழுதுவது. மூட்டுவலி தேவலையா?

தம்பியைக் கடல் கொண்டுபோனபோது மீட்பர் எங்கே போனார் என்று கேட்டிருந்தீர்கள்.

போன வாரம் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கப்பலுக்குள் கோதுமை மூட்டைகள் சரிந்து அடியில் மாட்டிக்கொண்டேன். வெறும் சிராய்ப்புதான். எல்லோரும் மேலே நின்று கத்த, கூட வேலை பார்க்கும் மதார் சாகிப் மட்டும் உள்ளே குதித்து, "பயப்டாத மாமு, நான் கீறேன்" என்றான். மூட்டையைக் கீறப்போகிறான் என்று நினைத்தேன்! "இருக்கிறேன்" என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். மூட்டைகளை எடுக்கும்வரை அவன் என் கையை விடவேயில்லை.

மீட்பரும் கரையில் நிற்கவில்லை அம்மா. தம்பி கையைப் பிடித்தபடி தண்ணீருக்குள்தான் இருந்தார். எனக்குச் சந்தேகமே இல்லை. மறுபடியும் கோயிலுக்குப் போங்கள்.

கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். தம்பியின் சட்டை ஒன்றும் வையுங்கள், எனக்குச் சரியாக இருக்கும். வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது.

பயப்படாதீர்கள் அம்மா, நானும் கீறேன்.

இஞ்ஞாசி