ஸ்கூல் வானும் என் இடது கண்ணும்

11 ஜூன் 2025, புதன்
கிளினிக்கில் இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி ஏழுக்கு இறங்கியிருக்கிறது. மார்ச்சில் பதின்மூன்று. பத்து வருடம் கவனிக்காமல் விட்டதை மூன்று மாதத்தில் இன்சுலின் ஊசியும் பட்டினியுமாக அடக்கிவிட்டேன். ஜெகதீஸ்வரி ரிப்போட்டைச் சுவாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை.

இடது கண் மட்டும் ஒரு கிழமையாக மங்கல். நோவில்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஸ்கூல் வானை யார் ஓட்டுவது?

13 ஜூன்
இன்னும் மங்கல்.

16 ஜூன், திங்கள்
வெள்ளவத்தையில் ஏற்றிய பதினொரு பிள்ளைகளும் உள்ளே. கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூட வாசலில் வானை இடப்பக்கமாக ஒதுக்கினேன். அங்கே ஒரு பெண் நின்றதைக் காணவேயில்லை. பக்கக் கண்ணாடி அவள் தோளில் இடித்து மடங்கியது. "கண் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினாள். வயிற்றுப்பிள்ளைக்காரி.

ஐயோ, இன்னும் ஓரடி முன்னுக்கு நிண்டிருந்தா? நான் என்ன மனிசன்! தெரிஞ்சுகொண்டுதானே ஓடினனான்?

அவளுக்குப் பெரிய அடியில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஜிந்துப்பிட்டியில் வான் ஓட்டும் ஹுசைனைக் கூப்பிட்டேன். "பின்னேரம் என்ட பிள்ளையளையும் நீ ஏத்து. எனக்குக் கண் தெரியேல்ல." வந்தான். என் வானையும் தானே வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். "சாவியத் தாங்க அண்ணன்," என்றான்.

20 ஜூன், வெள்ளி
ஜெகதீஸ்வரியிடம் சொல்லி, இரண்டுபேருமாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கானில் மூளையில் ஒன்றுமில்லை. கண் டாக்டர், தமிழ்ப் பிள்ளை, "கண் நரம்பு வீங்கியிருக்கு ஐயா. சீனி வருத்தத்தால வாறது. சீனியைச் சடாரெண்டு இறக்கினதும் ஒரு காரணமா இருக்கலாம்," என்றார். வீக்கம் தானாக வற்றுமாம். பார்வை? "இப்ப சொல்லேலாது."

ஜெகதீஸ்வரி அழுதாள். "நான்தானே சோத்தை அளந்து அளந்து போட்டனான்…" உன்னில் பிழையில்லை என்றேன். பத்து வருடம் டாக்டர்மார் சொன்னதை யார் கேட்கவில்லை?

4 ஜூலை
காலை ஏழு மணிக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை எனக்கு.

24 செப்டம்பர், புதன்
வீக்கம் வற்றிவிட்டது. மங்கல் பாதிதான் போயிற்று; மிச்சம் இனி இப்படித்தானாம்.

என் வானை இப்போது ஹுசைனின் தம்பி நபீஸ் ஓட்டுகிறான். நான் பக்கத்து சீற்றில். கதவைத் திறந்து பிள்ளைகளைப் பிடித்து இறக்குவது என் வேலை. இன்று கடற்கரை வீதியால் போகும்போது, முதலாம் வகுப்பு மிதுனா பின்னாலிருந்து கேட்டாள்:

"அங்கிள், நீங்க ஏன் இப்ப இந்தப் பக்கம் இருக்கிறீங்க?"

"இஞ்ச இருந்தாத்தான் கடல் வடிவாத் தெரியும்."

சொல்லிவிட்டு, இடப்பக்கம் கிடந்த கடலை, வலது கண்ணுக்கு எட்டும்வரை தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன்.