வாளி நிறையப் பாதாம் பிசின்

அன்புள்ள அம்மாவுக்கு ருமானாவின் ஸலாம். அத்தாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறதா? சண்டிகரில் நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறேன்.

அம்மா, ஜெயித்துவிட்டேன்! ஆபீஸ் சாப்பாட்டுப் போட்டியில் என் ஜிகர்தண்டாவுக்குத்தான் முதல் பரிசு!

வீட்டில் அதற்குப் பாதாம் பிசினை ஊறவைப்பது எப்போதும் நீங்கள்தானே. வீடியோ பார்த்த தைரியத்தில் ராத்திரி பாக்கெட் முழுவதையும் குண்டான் தண்ணீரில் கொட்டிவிட்டேன்; அது இவ்வளவு உப்பும் என்று எனக்குத் தெரியாது. காலையில் அறைத்தோழி ஹம்சவேணி, நம் அவனியாபுரத்துக்காரிதான், அலறினாள்.

"அடியே, வாளியத் தூக்கிட்டு வாடி! அடுப்பு மேடையெல்லாம் பிசினு!"

"இம்புட்டையும் என்னடி செய்யிறது?"

"ஆபீஸ்ல அம்புட்டுப் பேருக்கும் ஊத்து. நான் பால் வாங்கப் போறேன்."

பஞ்சாபிக்காரர்களின் லஸ்ஸி மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. எங்களுடையது தீரவே இல்லை. டிரைவர்கள், வாட்ச்மேன்கள் எல்லோரும் குடித்தார்கள்; குடித்தவர்கள் எல்லோரும் ஓட்டும் போட்டார்கள். லஸ்ஸிக்காரரே இரண்டு டம்ளர் குடித்தார்!

நன்னாரி சர்பத் காலி. கோரிப்பாளையத்தில் நாம் வாங்கும் கடையிலேயே வாங்கி அனுப்புங்கள். பாட்டிலை மதுரைப் பேப்பரில் சுற்றுங்கள், நிறையப் பக்கங்களாக. போன தடவை சுற்றியதில் மணமகன் தேவை விளம்பரம் வரைக்கும் படித்து முடித்துவிட்டேன்.

கேப் வந்துவிட்டது, ஓடுகிறேன் அம்மா.

உங்கள் ருமானா