எல்லோரும் எழும்பி நின்ற பாட்டு

பெப்ரவரி 9, வியாழன்

மழை விட்டு நல்ல வெயில். சனிக்கிழமை சேர்ச்சில் கச்சேரி பாட வந்திருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் கழுத்தில் கம்பளிச் சால்வை. தொண்டைக்குக் காவலாம். வேர்த்து ஓடுகிறது, கழற்றவில்லை.

சேர்ச்சைக் கூட்டிப் பெருக்கப் போன என்னை, பாடகர் குழு நடத்தும் றீட்டா அக்கா பிடித்துக்கொண்டார். "நோட்ஸ் வாசிப்பாய்தானே புள்ள?" ஓம் என்றேன். பியானோக்காரருக்குத் தாள் புரட்ட ஆள் வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது குழுவில் படித்த டோ-ரே-மி எழுத்து. இது முழுக்கக் கோடும் புள்ளியும். சொல்ல வாய் வரவில்லை.

அவர் தலையாட்டினால் புரட்ட வேண்டும். அவரோ பாட்டு முழுக்கத் தலையாட்டுகிறார்! ஒத்திகையில் இரண்டு பிழை. சிரித்தார். கோபமா, தெரியாது.

வீட்டில் சொன்னேன்.
"பாடப் போறியா?"
"இல்லம்மா. தாள் புரட்ட."

அம்மா அரிசி களையப் போனார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிறு நான் சேர்ச்சில் பாடிக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மாவும் தம்பியும். அம்மா மட்டும் மிஞ்சினார். பிறகு வீட்டில் றேடியோகூட இல்லை. நான் பள்ளிக்கூடமும் விட்டேன், குழுவும் விட்டேன். அம்மா பாடாதே என்று சொன்னதில்லை. பாடு என்றும் சொன்னதில்லை.

பெப்ரவரி 10, வெள்ளி

வாங்க: சவர்க்காரம், தேங்காய், விளக்குத் திரி. எத்தனை மணிக்குக் கச்சேரி என்று அம்மா கேட்டார். ஏன்?

பெப்ரவரி 11, சனி

நாலு மணிக்கே தொடங்கியது. இருட்டினால் ஆமிக்காரரின் சென்றிக் காவலைத் தாண்டுவது கரைச்சல். நல்ல சனம்.

பியானோ ஒலித்ததும் எல்லோரும் எழும்பி நின்றார்கள். ஞானப்பாட்டுக்கு எழும்பும் பழக்கம். பியானோக்காரர் திகைத்து நிறுத்தினார். மரியாதை என்று நினைத்துப் பாடகி நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

"இரிங்க, இரிங்க! இது ஆராதனை இல்ல," என்றார் போதகர்.
பின் வாங்கில் இருந்த ஒருவர்: "அப்ப ஏன் ஐயா பியானோவ அடிச்சு எழுப்பின?"

ஒரே சிரிப்பு. அதில் ஒரு சிரிப்பு எனக்குத் தெரிந்தது. வாசலில் அம்மா. எப்போது வந்தார்?

பாஷை ஒருவருக்கும் விளங்கவில்லை. போதகர் கருத்துச் சொன்னார்: ஆற்றங்கரையில் ஒருவன் யாருக்கோ காத்திருக்கிறானாம். அவ்வளவுதான். அதை மூச்சு விடுவதுபோல் தொடங்கினார் பாடகி. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் தாளை மறந்தேன். பியானோக்காரரே எட்டிப் புரட்டினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார். அழுகையா? முந்திய சிரிப்பின் மிச்சமா? பாட்டு முடிந்தபோது வாசலில் ஆள் இல்லை.

வீட்டில் சோறு, மீன் குழம்பு.

பெப்ரவரி 12, ஞாயிறு

காற்று. கொடியில் என் வெள்ளைச் சேலை, குழுச் சேலை. கடல் வந்த அன்று நான் உடுத்திருந்ததால் எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாமல் மிஞ்சிய ஒரே துணி. அம்மா பெட்டிக்கு அடியில் வைத்திருந்தது. தோய்த்துக் கஞ்சி போட்டிருக்கிறார்.

"ஆருக்கம்மா?"
"காயப் போட்டிருக்கன். கண் தெரியல்லியா?"
"றீட்டா அக்காட்ட திருப்பிக் குடுக்கவா?"
"எல்லாத்தையும் நானா சொல்லணும் உனக்கு?"

அடுப்பை ஊதப் போய்விட்டார். பாடப் போகச் சொல்கிறாரா, கொடுத்துவிடச் சொல்கிறாரா? சேர்ச்சில் முதல் மணி அடித்தது.

சேலையை எடுத்து மடித்தேன். பிறகு பிரித்து உடுத்துக்கொண்டேன்.